இடம் மாறிய பச்சோந்தி

ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் ஓவாஹு என்று ஒரு தீவு. அதன் கிழக்குப் பக்கத்தில் கனியோஹே என்னும் ஊர் இருக்கிறது. 1972ஆம் ஆண்டில் அவ்வூரில் செல்லப் பிராணிகள் விற்கும் கடை வைத்திருந்த ஒருவர், ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டிலிருந்து சில டஜன் பச்சோந்திகளை வரவழைத்தார். அவை ஜாக்சன் பச்சோந்தி என்ற இனம். ஆணின் முகத்தில் காண்டாமிருகத்துக்கு இருப்பதுபோல் கொம்புகள் உண்டு. அதுவும் ஒன்றல்ல, மூன்று!

பெட்டியைத் திறந்தபோது பச்சோந்திகள் மெலிந்து, உடலில் நீர் வற்றிக் கிடந்தன. நெடும் பயணம் அவற்றை அந்தப் பாடு படுத்தியிருந்தது. சற்றுத் தேறட்டும் என்று கடைக்காரர் அவற்றைத் தம் வீட்டுக் கொல்லையில் விட்டுவிட்டார்.

பச்சோந்திகள் தேறின. தேறியதோடு நில்லாமல் வேலி தாண்டிப் போயின, குட்டி போட்டன, பெருகின. (ஆம், குட்டிதான். பெரும்பாலான பச்சோந்திகள் முட்டையிடும். ஜாக்சன் பச்சோந்தி குட்டி ஈனும்.) ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவற்றின் வழித்தோன்றல்கள் ஹவாய்க் காடுகளில் இருக்கின்றன.

சாகக் கிடந்த பிராணி கொல்லைப்புறத்தில் பிழைத்தது எப்படி? அந்தக் கொல்லையில் அப்படி என்ன இருந்தது? இதற்கு விடை தெரிந்தால், பச்சோந்தியை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு மாற்றுவது ஏன் இவ்வளவு கடினம் என்பதும் தெரிந்துவிடும். அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் பச்சோந்தி வளர்ப்போர் பலர். வீட்டுக்குள்ளேயே கூடத்திலிருந்து பக்கத்து அறைக்குக் கூண்டை நகர்த்தினாலும் சில பச்சோந்திகள் நாள் கணக்கில் உணவைத் தொடுவதில்லை என்று அவர்கள் கூறுவார்கள்.

இது வேடிக்கையான செய்திதான். நம் வழக்கில் பச்சோந்தி என்றால் இடத்துக்குத் தக்கபடி நிறம் மாறுவது; நேரத்துக்கு ஒரு கொள்கை பேசுபவரைப் பச்சோந்தி என்று ஏசுகிறோம். உண்மையான பச்சோந்திக்கோ இடம் மாறுவதைப்போல் ஒவ்வாத காரியம் வேறில்லை.

நிறம் எதைச் சொல்கிறது?

பச்சோந்தியைச் சிவப்புத் துணிமேல் வைத்தால் சிவப்பாகும், கட்டம் போட்ட துணிமேல் வைத்தால் கட்டம் கட்டமாக மாறும் என்றெல்லாம் கதைகள் உண்டு. அப்படி எதுவும் நடப்பதில்லை. அமைதியாக இருக்கும்போது அதன் இயல்பான பச்சையோ பழுப்போ இலைகளோடும் கிளைகளோடும் ஒத்துப்போகிறது, அவ்வளவே. எதிரிக்கு ஏற்றவாறு நிறத்தைச் சற்றே திருத்திக்கொள்ளும் இனங்களும் இல்லாமல் இல்லை; தென்னாப்பிரிக்காவில் உள்ள ஒரு குட்டைப் பச்சோந்தி, பாம்பைக் கண்டால் ஒருவிதமாகவும் பறவையைக் கண்டால் இன்னொரு விதமாகவும் மாறுகிறது. ஆனால் பொதுவாக நிறமாற்றம் என்பது உடல்நிலையையும் மனநிலையையும் காட்டுவது. குளிர்ந்த காலையில் வெயிலை உறிஞ்சுவதற்காகக் கருக்கும். போட்டி ஆணைக் கண்டால் பளிச்சென்று ஒளிரும். தோற்றால் மங்கிப்போகும். அச்சம் கொண்டாலும் நோயுற்றாலும் கருமை படரும்.

இது எப்படி நடக்கிறது என்பது அண்மையில்தான் தெளிவாயிற்று. மடகாஸ்கர் தீவின் சிறுத்தைப் பச்சோந்தியை ஆராய்ந்த ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார் 2015ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். இதன் தோலில் சில செல்களுக்குள் குவானின் என்னும் பொருளாலான மிக நுண்ணிய படிகங்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. பிராணி அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கி நிற்கும். அப்போது அவை நீல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. தோலில் மஞ்சள் நிறப்பொருளும் இருப்பதால் நீலமும் மஞ்சளும் சேர்ந்து நமக்குப் பச்சை தெரிகிறது. பிராணி கிளர்ச்சியுற்றால் படிகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி கூடுகிறது; உடனே நீலம் போய், மஞ்சளும் செம்மையும் எழுகின்றன. சாயம் எதுவும் புதிதாகச் சுரக்கவில்லை. இடைவெளி மாறியது, நிறமும் மாறிற்று.

கருமைக்குக் காரணம் வேறு. மெலனின் என்னும் கரும்பொருளைக் கொண்ட செல்கள், மரம்போல் கிளை விட்டுத் தோலின் மேற்புறம்வரை படர்ந்துள்ளன. கரும்பொருள் செல்லின் நடுவில் ஒடுங்கியிருந்தால் தோல் வெளிறித் தெரியும். கிளைகளுக்குள் பரவினால் கருத்துவிடும்.

வளர்ப்பவருக்கு இது பெரிய வசதி. நாய் வாலாட்டும், பூனை கத்தும்; பச்சோந்திக்குக் குரல் என்று சொல்லத்தக்கது இல்லை. ஆனால் அதன் தோலே பேசுகிறது. இடம் மாற்றிய அன்று கருத்துப்போன பச்சோந்தி, 'எனக்கு இங்கே பிடிக்கவில்லை' என்று சொல்கிறது. காலையில் வெயில் காயும்போது மட்டும் கருத்து, பிறகு பச்சைக்குத் திரும்பினால் கவலையில்லை. நாள் முழுவதும் கருமை மாறவில்லையானால் ஏதோ கோளாறு இருக்கிறது என்று பொருள்.

அச்சத்தின் விலை

இடம் மாறினால் அப்படி என்ன கெட்டுவிடும்? பச்சோந்தி வேகமாக ஓடக்கூடியதன்று. கடித்து விரட்டும் வலிமையும் பெரிதாக இல்லை. பகைவர் கண்ணில் படாமல் இருப்பதே அதன் ஒரே பாதுகாப்பு. ஆகவே தன் மரத்தில் எந்தக் கிளை எங்கே போகிறது, எந்த இலைக்குப் பின்னால் ஒளியலாம், வெயில் எந்தப் பக்கம் விழும் என்பதெல்லாம் அதற்கு உயிர் காக்கும் அறிவு. புதிய இடத்தில் இந்த அறிவு செல்லாக்காசாகிறது. எங்கும் பார்க்கும் இரு கண்கள் வேறு இருக்கின்றன! ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே சுழலும். ஒன்று முன்னே பார்க்கும்போது மற்றொன்று பின்னே பார்க்கும். அறையில் நாய் நடந்தாலும், மின்விசிறி சுழன்றாலும், நீங்கள் எட்டிப் பார்த்தாலும் அது கவனிக்காமல் இராது.

அச்சம் ஏற்பட்டால் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. நம் உடலில் கார்ட்டிசால் செய்யும் வேலையை ஊர்வனவற்றில் இது செய்கிறது. ஆபத்து வரும் சில நிமிடங்களுக்கு இது நன்மையே செய்யும். உடலின் சேமிப்பைத் திறந்து தசைகளுக்கு ஆற்றல் தரும். நாள்கணக்கில், வாரக்கணக்கில் சுரந்துகொண்டே இருந்தால்தான் தொல்லை. பசி குன்றும், நோயை எதிர்க்கும் சக்தி குறையும். சாதாரணமாகக் குடலில் கேடின்றி வாழும் சிற்றுயிர்கள் அப்போது பெருகிவிடும். 1972இல் கனியோஹே வந்து சேர்ந்தவை மெலிந்திருந்ததற்குப் பட்டினி மட்டுமே காரணம் என்று எண்ண வேண்டியதில்லை.

இனி, கொல்லையில் என்ன இருந்தது என்று பார்ப்போம். கனியோஹே, ஈரக்காற்று மலையில் மோதும் பக்கத்தில் உள்ள ஊர். அடிக்கடி மழை தூறும். ஜாக்சன் பச்சோந்தியின் சொந்த ஊரும் கென்யாவின் குளிர்ந்த, ஈரமான மலைச்சரிவுகள்தாம். கொல்லையில் மரம் இருந்தது, ஏறி ஒளிய இலை இருந்தது, இலையில் நீர்த்துளி இருந்தது, வெயிலும் நிழலும் இருந்தன, பூச்சிகள் இருந்தன, குறுகுறுவென்று பார்க்கும் மனிதக் கண்கள் இல்லை. அறிவுள்ள வளர்ப்பாளர் இந்தக் கொல்லையைத்தான் கூண்டுக்குள் கொண்டுவர முயல்கிறார்.

கூண்டை எங்கே வைப்பது?

இன்று வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படுவது ஏமன் நாட்டிலும் அதை ஒட்டிய சவூதி அரேபியாவின் தென்மேற்கு மூலையிலும் வாழும் ஏமன் பச்சோந்தி. தலைமேல் கிரீடம்போல் எலும்பு மேடு ஒன்று எழுந்து நிற்கும். கூண்டிலேயே இனம் பெருகுவதாலும் சற்று உரமான உடல் கொண்டதாலும் வளர்ப்போர் இதை விரும்புகின்றனர். வளர்ந்த ஒன்றுக்கு நீளமும் அகலமும் 60 செ.மீ., உயரம் 120 செ.மீ. உள்ள வலைக்கூண்டு வேண்டும். உயரத்தைக் கவனியுங்கள். நாம் அறைகளைத் தரையின் பரப்பால் அளக்கிறோம். பச்சோந்திக்கு உயரம்தான் இடம்.

கூண்டை மேசைமேலோ மேடைமேலோ ஏற்றி, பச்சோந்தி உட்காரும் கிளை நம் கண்ணைவிட உயரத்தில் இருக்குமாறு வைப்பார்கள். காரணம் எளிது. பருந்தும் பிற வேட்டைப் பறவைகளும் மேலிருந்துதான் பாய்கின்றன. மேலிருந்து குனிந்து பார்க்கும் முகம் பச்சோந்திக்குப் பருந்தாகத் தோன்றும்; கீழிருந்து பார்க்கும் முகம் அவ்வளவு அச்சம் தருவதில்லை. தரையில் வைத்த கூண்டில் மனம் ஒடுங்கிக் கிடந்த பச்சோந்தி, அதே கூண்டை உயர்த்தி வைத்தபின் சரியாகிவிடுவதுண்டு.

மூன்று பக்கமும் திறந்து, நடுக்கூடத்தில் காட்சிப்பொருள்போல் கூண்டை வைப்பது தவறு. சுவர் மூலையில் வைத்து, மற்றொரு பக்கத்தையும் துணியாலோ செடியாலோ மறைத்துவிட்டால் அது ஒரு பக்கத்தை மட்டும் காவல் காத்தால் போதும். ஆள் நடமாடும் வழி, கதவோரம், மின்விசிறிக் காற்று, குளிர்சாதனப் பெட்டியின் காற்று, நாயும் பூனையும் புழங்கும் இடம் ஆகியவை ஆகா. கண்ணாடிக்கு எதிரேயும் வைக்கக் கூடாது. பச்சோந்தி தனிமை விரும்பி. கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை வேறொரு பச்சோந்தி என்று நம்பி ஓயாது சீறும்; அந்த எதிரியோ ஒருநாளும் தோற்று ஓடுவதில்லை! இரவில் விளக்கெரியும்போது சன்னல் கண்ணாடியும் முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதே காரணத்தால் இரண்டு பச்சோந்திகளின் கூண்டுகளை ஒன்றையொன்று பார்க்கும்படி வைப்பதும் இல்லை.

கூண்டுக்குள் செடி நெருக்கமாக இருக்க வேண்டும். மணி பிளான்ட், செம்பருத்தி போன்றவற்றைத் தொட்டியோடு வைப்பார்கள். பச்சோந்தியைக் காண்பதற்காகத்தானே வளர்க்கிறோம், செடியை அடைத்துவிட்டால் எப்படிக் காண்பது என்று கேட்கலாம். நடைமுறையில் நடப்பது நேர்மாறு. ஒளிய இடம் உண்டு என்ற நம்பிக்கை இருந்தால் அது துணிந்து வெளியே வருகிறது. மறைவிடம் இல்லாத கூண்டில் கிளையின் மறுபுறம் உடலைத் தட்டையாக்கி ஒட்டிக்கொண்டே பொழுதைக் கழிக்கிறது.

நீரும் ஒளியும்

புதிய இடத்துக்கு வந்த பச்சோந்தி உணவில்லாமல் சாவதைவிட நீரில்லாமல் சாவதே எளிது. கிண்ணத்தில் நீர் வைத்தால் பெரும்பாலும் அதன் கண்ணுக்குப் புலப்படாது. காட்டில் அது குடிப்பது இலைமேல் தங்கும் பனித்துளியையும் மழைத்துளியையும். அசைகிற, மின்னுகிற துளிதான் நீர். அசையாத நீர் நீரே அன்று! ஆகவே காலையும் மாலையும் இலைகளின்மேல் பூந்தூறலாகத் தெளிப்பார்கள். கூண்டின் கூரைமேல் ஒரு குவளையை வைத்து, அடியில் ஊசித் துளையிட்டு, சொட்டுச் சொட்டாக இலைமேல் விழச் செய்வது இன்னும் மலிவான ஏற்பாடு. சாதாரண நாள்களில் எவ்வளவு தெளிக்கிறார்களோ அதைவிட இடம் மாற்றிய வாரத்தில் சற்றுக் கூடுதலாகத் தெளிப்பது நல்லது. ஆனால் பிராணியின் முகத்தில் பீய்ச்சக் கூடாது. நீர் போதுமா என்பதை அதன் கழிவைப் பார்த்தே அறியலாம். பறவை எச்சத்தில் உள்ளதுபோல் இதிலும் ஒரு வெள்ளைப் பகுதி இருக்கும். அது யூரிக் அமிலம். வெள்ளையாக இருந்தால் நல்லது. நன்கு மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மாறினால் நீர் போதவில்லை.

அறையை மாற்றும்போது எவரும் எண்ணிப் பாராத செய்தி ஒளி. பழைய அறையில் சன்னல் வழியே வெயில் வந்தது, புதிய அறையில் வரவில்லை என்று கவலைப்படுவோர் உண்டு. உண்மையில் சன்னல் கண்ணாடி வழியே வந்த வெயிலில் ஒரு முக்கியப் பகுதி ஏற்கெனவே இல்லை. வைட்டமின் டி உண்டாவதற்குத் தேவையான பி வகைப் புற ஊதாக் கதிர்களைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. வைட்டமின் டி இல்லையேல் தின்னும் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. கால்கள் வளைந்து, தாடை மென்மையாகி, நாக்கை வீசக்கூட முடியாமல் போகும். ஆகவே கூண்டின் மேல் இந்தக் கதிர்களைத் தரும் தனி விளக்கு ஒன்று நாள்தோறும் 12 மணி நேரம் எரிய வேண்டும். பழைய விளக்கு கண்ணுக்கு நன்றாக எரிவதுபோல் தோன்றினாலும் புற ஊதாக் கதிர் நாளடைவில் குறைந்துபோகும்; காலத்தில் மாற்றிவிட வேண்டும்.

சிறுத்தைப் பச்சோந்திகளை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஒரு சோதனை 2009இல் வெளியாயிற்று. உணவில் வைட்டமின் டி குறைவாகப் பெற்றவை புற ஊதா ஒளியில் அதிக நேரம் காய்ந்தன. மிகுதியாகப் பெற்றவை குறைவாகக் காய்ந்தன. உடலில் எவ்வளவு இருக்கிறது என்பது ஏதோ ஒரு வகையில் அவற்றுக்குத் தெரிகிறது! ஆனால் நிழலும் ஒளியும் இரண்டும் இருந்தால்தானே இந்தத் திறமை பயன்படும்? கூண்டில் ஒரே சீராக ஒளியையும் வெப்பத்தையும் பரப்புவது தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஏமன் பச்சோந்திக்கு உச்சிக் கிளையில் ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸ், அடியில் 22 முதல் 25 வரை, இரவில் 20க்குக் கீழே என்ற அளவில் படிப்படியாக அமைப்பார்கள். மலைவாழ் ஜாக்சன் பச்சோந்திக்கு இதைவிடக் குளிர்ச்சி தேவை.

மாற்றும் நாள்

நேற்று வரை இருந்த கூண்டையே புதிய இடத்துக்குக் கொண்டுபோவது சிறந்தது. கிளைகளும் செடிகளும் அதே நிலையில் இருந்தால் பிராணிக்குத் தெரிந்த உலகத்தில் பாதியாவது மிஞ்சும். கூண்டையும் புதிதாக மாற்றுவதாக இருந்தால், பச்சோந்தியை விடுவதற்கு ஒருநாள் முன்பே விளக்குகளை எரித்து, வெப்பமானியை மேலும் கீழும் வைத்துப் பார்த்துவிட வேண்டும். பிராணியை உள்ளே விட்டபின் கிளையை நகர்த்துவதும் விளக்கை ஏற்றி இறக்குவதும் அதை இரண்டாம் முறை இடம் மாற்றுவதற்குச் சமம்.

காலை வேளை உகந்தது. உடல் குளிர்ந்து மந்தமாக இருக்கும். மாற்றியபின் நீர் குடித்து வெயில் காய முழுப் பகலும் கிடைக்கும். பச்சோந்தியைக் கிளையிலிருந்து பிய்த்து எடுப்பது பெருந்தவறு. அதன் பாதத்தில் ஐந்து விரல்களும் இரண்டு, மூன்று என இரு கட்டாக இணைந்து இடுக்கிபோல் கிளையைக் கவ்வியிருக்கும். இழுத்தால் நகம் பெயரும், மூட்டு நோகும். மேலிருந்து கை நீட்டினாலோ பருந்தின் நினைவு. முன்னால் சற்று உயரத்தில் ஒரு குச்சியையோ கையையோ நீட்டி, பின்புறம் மெல்லத் தொட்டால் தானே ஏறிவிடும். ஏறுவது அதன் இயல்பு. ஒரு சிறு தொட்டிச் செடியில் ஏறவிட்டு, செடியோடு தூக்கிச் செல்வது அதைவிட நல்லது. தொலைவாகக் கொண்டுபோவதானால் குச்சி பொருத்திய, காற்றுத் துளையுள்ள இருட்டுப் பெட்டி. கண்ணால் வாழும் பிராணிக்கு இருட்டைவிடச் சிறந்த அமைதி மருந்து இல்லை.

அதன்பின் செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. இதுதான் வளர்ப்பவருக்கு மிகவும் கடினமான பகுதி என்பேன்! முதல் வாரத்தில் கையில் எடுக்கக் கூடாது, நண்பர்களை அழைத்துவந்து காட்டக் கூடாது. வேளை தவறாமல் விளக்கு, வேளை தவறாமல் நீர், சில பூச்சிகள், அவ்வளவே. தின்கிறதா என்று அருகே நின்று பார்த்தால் தின்னாது. அப்பால் போனபின் தின்னும். சுவர்க்கோழிகளை ஒரு கிண்ணத்தில் விட்டு வைத்தால் மிச்சத்தை எண்ணிக் கணக்குப் பார்க்கலாம்.

தின்னத் தொடங்கிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. பச்சோந்தி நாக்கு வீசுவது கண்கொள்ளாக் காட்சி. இரண்டு கண்களும் முன்னே திரும்பி இரையின்மேல் நிலைக்கும். தூரத்தை அது அளப்பது நம்மைப்போல் இரு கண் காட்சிகளை ஒப்பிட்டு அன்று. கண்ணின் வில்லையைக் குவிக்க எவ்வளவு முயற்சி தேவைப்படுகிறது என்பதைக் கொண்டுதான். 1977இல் வெளியான ஆய்வில் பச்சோந்தியின் கண்முன் மூக்குக் கண்ணாடிபோல் வில்லைகளைப் பொருத்தினர். நாக்கு குறி தவறியது! குளிரில் மற்றத் தசைகள் சோம்பினாலும் நாக்கு பாயும் வேகம் அதிகம் குறைவதில்லை. வில்லில் நாண் இழுத்துவைப்பதுபோல் முன்கூட்டியே மீள்சக்தியைச் சேர்த்துவைத்து விடுவிப்பதே காரணம். ஆகவே புதிய அறை குளிர்ந்திருந்தாலும் பூச்சியைப் பிடித்துவிடும். செரிக்க வெப்பம் இல்லாமல் திண்டாடும். தின்கிறதே என்று வெப்பமானியைப் பாராமல் இருந்துவிடக் கூடாது.

நன்கு வளர்ந்த பச்சோந்தி சில நாள்கள் தின்னாவிட்டால் பதற வேண்டியதில்லை. கண் குழிந்துபோதல், பகலில் கண்ணை மூடிக்கொண்டிருத்தல், வாயைத் திறந்தபடி மூச்சுவிடுதல், கிளையைப் பற்ற வலுவின்றிக் கீழே கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் ஊர்வன அறிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றே காட்ட வேண்டும். 'பழகிக்கொண்டிருக்கிறது' என்று காத்திருந்து உயிரிழந்த பச்சோந்திகள் பல.

பெண் கீழே இறங்கினால்

இங்கே ஒரு தனி எச்சரிக்கை. பெண் பச்சோந்தி ஒன்று புதிய இடத்தில் அமைதியின்றிக் கூண்டின் அடித்தளத்தில் அங்குமிங்கும் அலைகிறது, உணவும் குறைந்துவிட்டது. இடம் பிடிக்கவில்லை போலும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அது முட்டையிட மண்ணைத் தேடிக்கொண்டிருக்கலாம். ஏமன் பச்சோந்தியின் பெண், ஆணோடு சேராவிட்டாலும் கோழியைப்போல் கருவுறாத முட்டைகளை உண்டாக்கும். ஒரு ஈட்டில் இருபது, முப்பது, சில வேளை இன்னும் மிகுதி. தோண்டுவதற்கு 20, 30 செ.மீ. ஆழமுள்ள ஈரமணல் கிடைக்கவில்லையானால் முட்டைகளை அடக்கிவைத்துக்கொண்டே இறந்துபோகும். தோண்டும்போது யாராவது பார்த்துவிட்டால் பாதியில் விட்டுவிடும். எனவே மணல் வாளியை வைத்து, கூண்டைத் துணியால் மூடிவிட்டு விலகிவிட வேண்டும்.

நம் ஊர்ப் பச்சோந்தி

இவ்வளவையும் படித்துவிட்டு வேலியோரப் பச்சோந்தியைப் பிடித்துக் கூண்டில் போடலாம் என்று எவரும் கிளம்பிவிட வேண்டாம். இந்தியாவிலும் இலங்கையிலும் பாகிஸ்தானிலும் காணப்படும் இந்தியப் பச்சோந்தி, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். நிறம் மாறுகிற ஓணானைப் பச்சோந்தி என்று சொல்வோரும் உண்டு. ஓணான் விடுவிடென்று ஓடும். பச்சோந்தி ஓர் அடி வைப்பதற்குள் காற்றிலாடும் இலைபோல் முன்னும் பின்னும் நாலு முறை ஆடும். கடித்தால் விஷம் என்று அதை அடித்துக் கொல்வோரைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு விஷம் கிடையாது.

ஹவாயிலும் முடிவு சுகமாக இல்லை. அங்கே பச்சோந்தி என்று ஓர் உயிரினம் முன்பு இருந்ததே இல்லை. பெருகிய ஜாக்சன் பச்சோந்திகளின் வயிற்றைச் சோதித்தபோது அத்தீவுகளுக்கே உரிய பூச்சிகளும், உலகில் வேறெங்கும் இல்லாத சிறு நத்தைகளும் உள்ளே கிடந்தன. பின்னர் மாவி தீவில் ஏமன் பச்சோந்தியும் காட்டில் தென்பட்டது. பச்சோந்திக்கு இதமாக அமைந்த கொல்லை, நத்தைகளுக்கு எமனாயிற்று.

நம் ஊரில் பச்சோந்தியை இடம் மாற்ற வேண்டிய தருணம் ஒன்றே ஒன்றுதான் வரும். தார்ச் சாலையின் நடுவில், ஆடி ஆடி, ஓர் அடிக்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு ஒரு பச்சோந்தி போய்க்கொண்டிருக்கும். தொலைவில் பேருந்து வரும். அது முட்டையிட மண்ணைத் தேடிப் போகும் தாயாகவும் இருக்கலாம். இரக்கப்பட்டு அதைப் பைக்குள் போட்டுப் பத்து மைல் அப்பால் நல்ல காடாகப் பார்த்து விடுபவர்கள் உண்டு. நல்ல எண்ணந்தான். ஆனால் அதற்குத் தெரிந்த மரமும் வேலியும் இங்கேதான் இருக்கின்றன. முதலில் சாலையின் இருபுறமும் பாருங்கள். உங்களுக்கு ஆபத்து இல்லை என்றால் மட்டும் போங்கள். ஒரு நீண்ட குச்சியை அதன் முன்னங்கால்களுக்கு முன்னால் நீட்டுங்கள். ஏறிக்கொள்ளும். எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்துப் புதரில் குச்சியைச் சாய்த்துவிட்டு விலகி நில்லுங்கள். ஒரு கண் உங்களைப் பார்க்கும், மற்றொரு கண் கிளையைத் தேடும். பிறகு அது கிளையின் மறுபுறம் போய்விடும்.